1290இல் ஷ்ராப்ஷயரில் நாற்பது ஓநாய்களா?

வணக்கம். 1290இல், இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் காட்டில் நாற்பது ஓநாய்கள் நாயகியைத் துரத்தும் காட்சி நம்பும்படி இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு இடிக்கிறது. ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம்தான். தாய், தகப்பன், குட்டிகள். ஆறேழு போதும், பயம் குறையாது.

ஆண்டும் உதைக்கிறது. 1281இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட், பீட்டர் கார்பெட் என்பவரிடம் ஓநாய்களை ஒழிக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். குளோஸ்டர்ஷயர் தொடங்கி ஐந்து மாவட்டங்கள். உங்கள் ஷ்ராப்ஷயரும் அதில் உண்டு. பேசாமல் கதையை அந்த ஆண்டுக்கே கொண்டுபோய்விடுங்கள். ஆட்கள், நாய்கள், பொறிகள் என்று காடே அமளிப்படும். நாயகன் அந்த வேட்டைக்காரர்களில் ஒருவனாக இருக்கட்டுமே?

இன்னொரு யோசனை. சட்டத்துக்குப் புறம்பானவன் என்று அறிவிக்கப்பட்டவனை அன்று 'ஓநாய்த் தலை' உடையவன் என்பார்கள். ஓநாயைப் போலவே அவனையும் வேட்டையாடலாம் என்று பொருள். ஓநாயைத் தேடிப் போனவன் அப்படிப்பட்ட ஒருவனின் தங்கையிடம் மனதைப் பறிகொடுத்தால்? நானாக இருந்தால் இதைத்தான் எழுதுவேன்.

ஓநாய்கள் இணைசேர்வது குளிர்காலக் கடைசியில். ஒன்பது வாரத்தில் குட்டி. அதனால் உங்கள் அக்டோபர் குட்டிகளைக் கொஞ்சம் வளர்த்துவிடுங்கள். அப்புறம், இரண்டாம் அத்தியாயக் கஞ்சியில் உருளைக்கிழங்கு கிடக்கிறது. அது ஐரோப்பாவுக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டில்! பட்டாணியைப் போடுங்கள்.