ஆடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வேலைக்கு: கேள்வி பதில்

ரயில்வே அணிக்காகப் பல ஆண்டுகள் கால்பந்து ஆடி ஓய்வுபெற்ற நான், இப்போது வியாசர்பாடியில் இளம் ஆட்டக்காரர்களின் படிப்புக்கும் வேலைக்கும் வழிகாட்டி வருகிறேன். வடசென்னையிலிருந்து வந்த நான்கு கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (கொருக்குப்பேட்டை, கால்பந்து, வயது 23): இன்னும் இரண்டு மூன்று சீசன் ஆடிவிட்டு, விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

சரியல்ல, தம்பி. தெற்கு ரயில்வே ஆனாலும் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். ஆனாலும் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான வயது 18 முதல் 25 வரைதான். அதில் யாருக்கும் தளர்வு கிடையாது. அதோடு, நடப்பு நிதியாண்டிலும் அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டுகளிலும் பெற்ற சாதனைகளை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்வதால், பள்ளி நாளில் வாங்கிய பதக்கம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அங்கே உதவாது. இந்த ஆண்டு அறிவிப்பு வந்ததுமே விண்ணப்பித்துவிட்டு, டிரையல்ஸுக்குத் தயாராகுங்கள்.

வேலை கிடைத்த பிறகு ஒன்றை மறக்காதீர்கள். பயிற்சிக்கும் போட்டிக்குமே பெரும்பாலான நாட்கள் போய்விடுவதால், அலுவலக வேலையைக் கற்காமலே பத்தாண்டுகளைக் கடந்துவிட்டு, ஆட்டம் நின்றபின் தன்னைவிட இளையவர்களிடம் கோப்பு எழுதக் கேட்டு நிற்கும் மூத்த வீரர்களைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன். போட்டி இல்லாத மாதங்களில் உங்கள் பிரிவின் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். துறைத் தேர்வுகளையும் எழுதுங்கள்.

கேள்வி (தண்டையார்பேட்டை, ஒரு தாய்): குத்துச்சண்டையில் மாநில அளவில் ஆடும் என் மகள் பதினொன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரப் பயிற்சிக்கு வரட்டும் என்கிறார்கள். நிறுத்தலாமா?

வேண்டாம், அம்மா. ரயில்வேயில் ஒரே தகுதியுள்ள பதக்கம் இருவரிடம் இருந்தாலும், பத்தாம் வகுப்பு முடித்தவர் ஊதிய நிலை 1-க்கும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் நிலை 2 அல்லது 3-க்கும், பட்டதாரி 4 அல்லது 5-க்கும் போட்டியிடுகிறார்கள். பதக்கம் வாசலைத் திறந்தாலும், உள்ளே எந்த நாற்காலி என்பதைப் படிப்புதான் முடிவு செய்கிறது. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டிலும் அந்தந்தப் பதவிக்கான கல்வித் தகுதி வேண்டும். பிற்காலத்தில் அவர் உடற்கல்வி ஆசிரியராக விரும்பினால், மேலக்கோட்டையூர் உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்திலோ, 1920-இல் தொடங்கிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியிலோ சேர்வதற்கும் இந்தப் படிப்பே அடித்தளம். காலையும் மாலையும் பயிற்சி, நடுவில் பள்ளி என்று அமைத்துத் தரும்படி பயிற்சியாளரிடம் நீங்களே நேரில் பேசுங்கள்.

கேள்வி (காசிமேடு, வயது 29): முழங்கால் தசைநார் கிழிந்ததோடு கால்பந்து போயிற்று. துறைமுகத்தில் சுமை ஏற்றுகிறேன். மைதானத்துப் பக்கம் போகவே மனம் வரவில்லை.

பத்து வயதிலிருந்து 'ஆட்டக்காரன்' என்றே தெருவெல்லாம் அழைத்த ஒருவர், அந்தப் பெயர் போனதும் தன்னையே இழந்ததுபோல் உணர்வது இயல்பு. அதைப் பலவீனம் என்று எண்ணாதீர்கள். தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் முதலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். இந்த முழங்காலோடு சுமை தூக்குவதைப் பற்றியும் எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒன்றிய விளையாட்டு அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தொடங்கிய 'ரீசெட்' திட்டம் உங்களைப் போன்றவர்களுக்கானது. ஓய்வுபெற்ற, 20 முதல் 50 வயதுக்குட்பட்ட வீரர்கள் இதில் சேரலாம்; மாநிலப் பதக்கம் பெற்றவர்களுக்கும் இடமுண்டு. குவாலியர் லட்சுமிபாய் உடற்கல்வி நிறுவனம் நடத்தும் இத்திட்டத்தில், பன்னிரண்டாம் வகுப்பை முடிக்காதவர்களுக்கும் தனிப் படிப்புகள் உள்ளன. பயிற்சியாளராக விருப்பமிருந்தால், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் 'டி' உரிமத்திலிருந்து தொடங்குங்கள். அதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடி மைதானத்துக்கு வந்து, சிறுவர்களுக்குப் பந்தை நிறுத்திக் கடத்தக் கற்றுக்கொடுத்துப் பாருங்கள். நானும் அங்கே இருப்பேன்.

கேள்வி (ராயபுரம், கேரம்): சான்றிதழ்களை எப்படி வைத்துக்கொள்வது?

ஒதுக்கீட்டுக்கு வெறும் பங்கேற்புச் சான்றிதழ் போதாது; உரிய படிவத்தில் கையொப்பம் வேண்டும். ஒன்றிய அரசுப் பணிகளுக்கான முறையில், பன்னாட்டுப் போட்டிக்குத் தேசியக் கூட்டமைப்பின் செயலாளர், தேசியப் போட்டிக்குத் தேசியக் கூட்டமைப்பின் செயலாளரோ மாநிலச் சங்கத்தின் செயலாளரோ கையொப்பமிட வேண்டும். நிர்வாகிகள் மாறிவிட்டால் அலைச்சல் மிகும் என்பதால், போட்டி முடிந்த மாதத்திலேயே வாங்கிவிடுங்கள். மழைநீர் புகும் வீடுகள் நம் பகுதியில் நிறைய உண்டு. மூலச் சான்றிதழை உயரத்தில் வைத்துவிட்டு, படமெடுத்த நகலைக் கைப்பேசியிலும், அதற்கு வெளியே வேறோர் இடத்திலும் சேமியுங்கள்.