வாசகர் கேள்வி பதில்: பணத்தைக் கையாளக் கற்றுக்கொடுக்க நிதி தருவோர் யார்?

கேள்வி: எங்கள் ஊராட்சியின் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்பில் பொறுப்பில் இருக்கிறேன். வட்டிக் கணக்கு, கடன் ஒப்பந்தம், காப்பீடு, இணையவழி மோசடி ஆகியவற்றைப் பெண்களுக்கு முறையாகக் கற்றுத்தர விரும்புகிறோம். இதற்கு அறநிதி தருவோர் யார்? எங்களைப் போன்ற சிறிய அமைப்பு நேரடியாக விண்ணப்பிக்க முடியுமா?
– கூட்டமைப்புப் பொறுப்பாளர், தருமபுரி மாவட்டம்

பதில்: 1989 இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் முதலில் தொடங்கப்பட்டது உங்கள் மாவட்டத்தில்தான். சேமிப்பதற்கும் குழுவாகக் கடன் பெறுவதற்கும் அங்கே நெடுங்காலப் பழக்கம் உண்டு. வாங்கும் கடனின் உண்மையான விலையைக் கணக்கிடும் பயிற்சிதான் அந்த அளவுக்கு வளரவில்லை. ஆகவே உங்கள் விண்ணப்பத்தில் 'விழிப்புணர்வு' என்ற பொதுச்சொல்லைத் தவிர்த்து, எந்தக் கணக்கை யாருக்குக் கற்றுத்தரப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்.

நிதி வரும் வழிகளில் பெரியது, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சி.எஸ்.ஆர். நிதி. 2013 ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135 ஆவது பிரிவின்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர இலாபமோ உடைய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். சட்டத்தின் ஏழாவது அட்டவணையிலுள்ள கல்வி, வாழ்வாதார மேம்பாடு, பெண்கள் முன்னேற்றம் ஆகிய தலைப்புகளின்கீழ் உங்கள் திட்டத்தை முன்வைக்கலாம். அந்த அட்டவணையைத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று அரசே 2014 ஜூன் மாதச் சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியுள்ளது. ஆனால் இந்நிதியைப் பெறும் வெளி அமைப்பு பதிவு பெற்ற அறக்கட்டளையாகவோ, சங்கமாகவோ, இலாப நோக்கமற்ற 8 ஆவது பிரிவு நிறுவனமாகவோ இருக்க வேண்டும். வருமான வரிச் சட்டத்தின்கீழ் வரிச்சலுகைக்கான 12 ஏ, 80 ஜி பதிவுகள் வேண்டும். இதே வகைப் பணியில் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்-1 படிவத்தின்வழிப் பதிவெண்ணும் பெற்றிருக்க வேண்டும். இவை இல்லாத கூட்டமைப்பு, இவற்றையெல்லாம் உடைய ஒரு தொண்டு நிறுவனத்தின் களப் பங்காளியாகச் சேர்வதே நடைமுறைக்கு ஏற்றது. அப்படிச் சேரும்போது, களப்பணியாளருக்கான தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் உங்கள் கணக்குக்கு வரும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

மற்றொரு வழி வங்கிகளைச் சார்ந்தது. ரிசர்வ் வங்கி 2017 இல் 80 வட்டாரங்களில் ஆறு தொண்டு நிறுவனங்களைக் கொண்டு நிதிக் கல்வி மையங்களைச் சோதனை முறையில் தொடங்கியது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையும் அவற்றுள் ஒன்று. இன்று நாடெங்கும் விரிந்துள்ள இத்திட்டத்தில் ஒரு மையம் மூன்று வட்டாரங்களைக் கவனிக்கிறது. இதற்கான பணத்தின் ஒரு பகுதி, பத்து ஆண்டுகளாக எவரும் உரிமை கோராத வைப்புத்தொகைகள் சென்று சேரும் வைப்புதாரர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதியிலிருந்து வருகிறது. வீட்டுக்குச் சொல்லாமல் வங்கியில் போட்டு மறந்தவர்களின் பணம், அப்படி மறக்கக் கூடாது என்று கற்றுத்தரப் பயன்படுவது பொருத்தமானதுதான். உங்கள் வட்டாரத்துக்குரிய மையம் எது என்பதை மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடமும், முகாம்களுக்கு நபார்டு என்னும் தேசிய வேளாண், ஊரக வளர்ச்சி வங்கி வழங்கும் உதவியைப் பற்றி அதன் மாவட்ட வளர்ச்சி மேலாளரிடமும் கேட்டறியலாம். முகாம்களுக்கான தொகை பெரும்பாலும் வங்கியின் பெயரில்தான் வரும் என்பதால், இங்கே பணத்தைவிட ஆளையும் பாடநூலையும் கேட்டுப் பெறுவது எளிது.

கேள்வி: நிதி தர முன்வந்த ஓர் அறக்கட்டளை, மண்டப வாடகை, உணவு, கையேடு ஆகியவற்றுக்குத் தருகிறது, பணியாளர் ஊதியத்துக்குத் தர மறுக்கிறது. ஒரே ஆண்டில் 5,000 பேருக்குப் பயிற்சி தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஏற்கலாமா?
– தொண்டு நிறுவனச் செயலாளர், விருதுநகர்

பதில்: இதே நிபந்தனைகளோடு ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு நாள் வகுப்பில் ஆயிரக்கணக்கானோரை அமரவைத்துக் கையொப்பம் வாங்குவது எளிது. அந்த வகுப்பினால் ஒருவர் பணத்தைக் கையாளும் விதம் மாறியதா என்பது வேறு கேள்வி. 2014 இல் வெளியான ஓர் ஆய்வு, அதுவரை நடந்த 201 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மக்களின் நிதி நடத்தையில் காணப்படும் வேறுபாடுகளில் வெறும் 0.1 விழுக்காட்டை மட்டுமே நிதிக் கல்வியால் விளக்க முடிகிறது என்றும், நீண்ட பயிற்சியின் விளைவுகூடக் காலப்போக்கில் தேய்ந்துவிடுகிறது என்றும் கண்டது. பின்னர் 76 சோதனை ஆய்வுகளைத் தொகுத்து 2022 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இவ்வளவு அவநம்பிக்கைக்கு இடமில்லை என்று காட்டியது உண்மையே. இருப்பினும் எல்லா வகுப்பும் ஒரே பயனைத் தருவதில்லை.

அகமதாபாதில் நகர்ப்புற ஏழை மக்களிடையே நடந்த ஆய்வு நமக்கு நெருக்கமானது. அங்கே காணொளிப் பாடங்களை மட்டும் பார்த்தவர்களின் நடத்தை மாறவில்லை. பாடத்தோடு தமக்கென ஓர் இலக்கை வகுத்துக்கொண்டவர்களிடமும், பின்னர் தனித்தனியாக ஆலோசனை பெற்றவர்களிடமும் மாற்றம் தெரிந்தது. டொமினிக்கன் குடியரசில் சிறு வணிகர்களுக்கு முறையான கணக்கியலைக் கற்றுக்கொடுத்தபோது குறிப்பிடத்தக்க பயன் கிட்டவில்லை; வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் தனித்தனியே வைப்பது போன்ற எளிய நடைமுறை விதிகளைக் கற்றவர்களின் கணக்குப் பழக்கம் மேம்பட்டது.

இதை நம் ஊர்த் தண்டல் கடனில் பொருத்திப் பாருங்கள். பத்தாயிரம் ரூபாய்க் கடனில் ஆயிரத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டு, 9,000 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள்கள் வசூலிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் இதனைப் 'பத்து வட்டி' என்று நினைக்கிறார். ஆனால் அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக அவர் கையில் இருக்கும் பணம் ஏறத்தாழ 4,500 ரூபாய்தான்; ஆண்டுக் கணக்கில் இந்த வட்டி 75 விழுக்காட்டைத் தாண்டுகிறது. கரும்பலகையில் போட்டுக் காட்டினால் எல்லோரும் தலையசைப்பார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அடுத்த வாரம் கடன் வாங்கப் போகும் பெண்ணின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவருடைய தண்டல் அட்டையையே வைத்து, நகைக்கடனோடு ஒப்பிட்டுப் போட்டுக் காட்டினால்தான் அந்தக் கணக்கு ஒரு முடிவாக மாறும். அதைச் செய்யத் தேவைப்படுபவர் அதே ஊரில் வாழும், மாத ஊதியம் பெறும், கணக்குத் தெரிந்த ஒரு பணியாளர். நிதி தருபவர் வெட்ட நினைப்பதும் அவருடைய ஊதியத்தைத்தான்.

ஆகவே அந்த அறக்கட்டளைக்கு மாற்றுத் திட்டமொன்றை எழுதுங்கள்: 5,000 பேருக்குப் பதிலாக 600 பேர், மண்டபத்துக்குப் பதிலாகக் குழுக்கள் வழக்கமாகக் கூடும் இடம், செலவின் பெரும்பகுதி இரண்டு களப்பணியாளரின் ஊதியத்துக்கும் பயணத்துக்கும், ஒவ்வொருவருக்கும் வகுப்புக்குப் பின் இருமுறையாவது நேரடிச் சந்திப்பு. ஊதியத்தை 'நிர்வாகச் செலவு' என்ற தலைப்பில் எழுதாதீர்கள். இத்தகைய பணியில் ஆளே திட்டம் என்பதால், அதை நேரடித் திட்டச் செலவாகக் காட்டுவதில் எந்தப் பொய்யும் இல்லை. எண்ணிக்கையைக் குறைக்கவே மாட்டோம் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், மறுப்பது நல்லது. ஓராண்டு உழைத்துக் கையொப்பப் பட்டியலைச் சேர்ப்பதால் உங்கள் நிறுவனத்தின் பெயரும் வளராது.

கேள்வி: ஒரு நிதி நிறுவனம் எங்கள் பயிற்சிக்கு முழுச் செலவையும் ஏற்பதாகக் கூறுகிறது. வகுப்பின் முடிவில் தம் ஊழியர் அரைமணி நேரம் பேச வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. தவறா?
– ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: தவறுதான். கடன் கொடுப்பவரே கடனைப் பற்றிய பாடத்தை முடித்துவைத்தால், முந்தைய இரண்டு மணி நேர வகுப்பு அவருடைய விற்பனைக்கு முன்னுரையாகிவிடும். தம் பொருள்களுக்கு விளம்பரம் தேடும் வகையில் நிறுவனம் அளிக்கும் ஆதரவைச் சி.எஸ்.ஆர். விதிகளும் சமூகப் பொறுப்புச் செலவாக ஏற்பதில்லை. இதை அவர்களிடம் மரியாதையாகச் சுட்டிக்காட்டுங்கள். பணத்தைப் பெற்றுக்கொண்டு, பாடத்திட்டத்தையும் பேச்சாளரையும் நீங்களே முடிவு செய்வதற்கு அவர்கள் இசைந்தால் தொடரலாம்.

கேள்வி: பயிற்சிக்கு முன்னும் பின்னும் பத்துக் கேள்விகள் கொண்ட தேர்வு நடத்தி, மதிப்பெண் உயர்வை அறிக்கையில் காட்டுகிறோம். இது போதுமா?
– களப்பணியாளர், திண்டுக்கல்

பதில்: மதிப்பெண் அறிவைக் காட்டுகிறது, நிதி கொடுத்தவருக்குத் தெரிய வேண்டியது செயல். ஆறு மாதம் கழித்து அதே பெண்களிடம் சிலவற்றைக் கேளுங்கள். கடைசியாகக் கடன் வாங்குமுன் வேறோர் இடத்தில் வட்டி விசாரித்தீர்களா? சேர்ந்துள்ள ஏலச்சீட்டு 1982 ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று பார்த்தீர்களா? ஆண்டுக்கு 20 ரூபாயில் கிடைக்கும் விபத்துக் காப்பீட்டை இவ்வாண்டு புதுப்பித்தீர்களா? இணைய மோசடி நடந்தால் அழைக்க வேண்டிய 1930 என்ற எண் நினைவிருக்கிறதா? பதில்கள் மகிழ்ச்சி தராவிட்டாலும் அப்படியே அறிக்கையில் எழுதுங்கள். கடன் நிலுவையை வீட்டாருக்குத் தெரியாமல் வைத்திருக்கும் பெண்கள் உண்டு என்பதால், எவருடைய பெயரையும் தொகையையும் சேர்த்து எழுத வேண்டாம்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் உறவினர்கள் எங்கள் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்ப விரும்புகிறார்கள். நேரடியாகப் பெறலாமா?
– அறங்காவலர், நாகப்பட்டினம்

பதில்: அவர்களுடைய குடியுரிமையைப் பொறுத்தது. இந்தியக் குடியுரிமையோடு அங்கே பணிபுரிபவர் தம் சேமிப்பிலிருந்து வங்கிவழி அனுப்புவது அயல்நாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டவர், இந்திய வம்சாவளியினராயினும், அயல்நாட்டு மூலமே. உறவினர் என்ற விலக்கு தனிமனிதருக்குத் தரும் அன்பளிப்புக்கு உண்டே தவிர அறக்கட்டளைக்கு இல்லை. அவரிடமிருந்து பெற, அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவோ, குறிப்பிட்ட நன்கொடைக்கு முன்அனுமதியோ வேண்டும். பணமும் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தொடங்கும் தனிக் கணக்குக்கே வர வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின், அப்பணத்தை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் இயலாது. எனவே ஒவ்வொருவரிடமும் கடவுச்சீட்டின் நகலைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்த பிறகே, அறக்கட்டளையின் வங்கிக் கணக்கு எண்ணை அனுப்புங்கள்.