பழைய காரில் பாட்டு: பேட்டரியைத் தொடாமல் ஆரம்பியுங்கள்

கேள்வி: என்னிடம் 1950-களின் கடைசியில் வந்த பிரிட்டிஷ் கார் ஒன்று இருக்கிறது. 12 வோல்ட், பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் பாடியோடு இணைந்தது. டேஷ்போர்டில் உள்ள ரேடியோ வேலை செய்யவில்லை. அதன் ஸ்பீக்கர் மட்டும் நன்றாக இருப்பதுபோல் தெரிகிறது. யூஎஸ்பி-யில் ஓடும் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ஒரு பழைய செல்போன், ஒரு பவர் பேங்க் ஆகியவை வீட்டில் சும்மா கிடக்கின்றன. காரில் ஓட்டை போடாமல் இவற்றை வைத்தே பாட்டுக் கேட்க வழி உண்டா?

பதில்: தாராளமாக உண்டு. புதிதாக வாங்க வேண்டியதும் அநேகமாக எதுவுமில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். காரின் மின்சாரம் வேறு, பாட்டின் மின்சாரம் வேறு. இரண்டும் எங்கேயும் தொட்டுக்கொள்ளக் கூடாது.

இன்றைய கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில், உங்களுடையதைப் போலவே, இது தலைகீழ். பாடி முழுக்க பாசிட்டிவ். சிகரெட் லைட்டர் சாக்கெட் இருந்தால் அதன் வெளிக்கூடும் பாசிட்டிவ், நடுமுனை நெகட்டிவ். போன் சார்ஜரை அதில் அப்படியே செருகினால் அதற்குள் மின்சாரம் தலைகீழாகப் போகும்.

சரி, ஒயரை மாற்றிக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். பலரும் மாட்டிக்கொள்வது அங்கேதான். சாதாரண கார் சார்ஜரில் உள்ளே வரும் நெகட்டிவும் வெளியே போகும் நெகட்டிவும் ஒரே கம்பி. அது யூஎஸ்பி பிளக்கின் உலோகக் கூடு, போனின் ஹெட்போன் ஜாக் வழியாக, போனையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் ஆக்ஸ் ஒயரின் மறுமுனை வரை வந்து நிற்கும். அந்த பிளக் கழன்று டேஷ்போர்டின் தகரத்திலோ சீட்டின் இரும்புச் சட்டத்திலோ பட்டால் போதும், அந்த மெல்லிய ஒயர் வழியாகவே பேட்டரி ஷார்ட் ஆகிவிடும். அது உருகித் தீப்பிடிக்க நேரம் ஆகாது.

உங்களிடம் பவர் பேங்க் இருப்பதால் இந்தத் தலைவலியே இல்லை. அதற்கும் காரின் பாடிக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் உள்ளே 3.7 வோல்ட் செல்கள், அதாவது 37 வாட்-மணி. 5 வோல்ட்டாக மாறும்போது போகிறது போக 30 கிட்ட மிஞ்சும். ஸ்பீக்கர் சராசரியாக 3 வாட் எடுத்தால்கூட பத்து மணி நேரம் பாடும். பாட்டை நிறுத்திவைத்தால் பல பவர் பேங்குகள் தானாக அணைந்துவிடும். பழுதென்று நினைக்காமல் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள்.

பழைய செல்போனை அதன் சொந்த சார்ஜிலேயே ஓடவிடுங்கள். ஸ்பீக்கருக்கும் போனுக்கும் ஒரே பவர் பேங்கிலிருந்து மின்சாரம் கொடுத்தால் கீச்சென்ற இரைச்சல் கலக்க வாய்ப்பு அதிகம். ஆக்ஸ் ஒயர் எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் ஒயர்களோடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள்; இக்னிஷனின் டிக் டிக் சத்தம் பாட்டில் கேட்கும்.

டேஷ்போர்டு ஸ்பீக்கருக்கு வருவோம். அதன் குரலில் ஒரு தனி அழகு உண்டு, பேஸ் இருக்காது என்றாலும். அதில் பாட்டு வர வேண்டுமென்றால், கம்ப்யூட்டர் ஸ்பீக்கரைத் திறந்து இடது சேனலின் இரண்டு ஒயர்களை இதற்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு முன் பழைய ரேடியோவிலிருந்து வரும் இணைப்பைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரில் இரண்டு சோதனை. ஸ்பீக்கரின் இரு முனைகளுக்கும் நடுவே 3 ஓமுக்குக் கீழே காட்டினால் அதை விட்டுவிடுங்கள், கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்குள் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் சூடாகிவிடும். அப்புறம், ஒவ்வொரு முனைக்கும் காரின் பாடிக்கும் நடுவே தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் ஒயரை மிச்சப்படுத்த ஸ்பீக்கரின் ஒரு முனையை பாடியிலேயே இணைத்துவிடுவது உண்டு. இந்தச் சின்ன 5 வோல்ட் ஆம்ப்ளிஃபயர்கள் பெரும்பாலும் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயர்களிலும் சிக்னல் அனுப்பும் வகை. ஒரு முனையையும் எர்த் செய்யக் கூடாது. அந்த இணைப்பைப் பிரித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

ஒரே ஸ்பீக்கர்தானே என்று இடது, வலது இரண்டின் ஒயர்களையும் அதில் சேர்த்துவிடாதீர்கள், ஆம்ப்ளிஃபயர் போய்விடும். போனின் அணுகல்தன்மை அமைப்பில் மோனோ ஒலி என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டால் இரண்டு பக்கத்துப் பாட்டும் இடது சேனலிலேயே வந்துவிடும்.

இவ்வளவும் வேண்டாமென்றால் ஜோடி ஸ்பீக்கரை அப்படியே பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள தட்டில் வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள். காலடியில் வைப்பதைவிட இதுதான் என் முதல் தேர்வு. எஞ்சின் சத்தத்தை மீறிச் சின்ன ஸ்பீக்கர் கேட்க வேண்டுமானால், அது காதுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஓடாத ரேடியோவைத் தயவுசெய்து குடையாதீர்கள். அந்த வருடத்து ரேடியோ, கண்ணாடிக் குழாய்களில் ஓடும் வால்வு வகையாக இருக்கலாம். அதற்குள் 200 வோல்ட்டுக்கு மேலும் உருவாகலாம். அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் என்றைக்காவது கிடைப்பார், அதுவரை முழுதாக இருக்கட்டும். வெயிலில் காரை நிறுத்தும்போது பவர் பேங்கையும் போனையும் கையோடு எடுத்துப் போய்விடுங்கள். மூடிய காரின் சூடு லித்தியம் செல்லுக்கு ஆகாது.

பிறகு ஒருநாள் காரிலிருந்தே மின்சாரம் எடுக்க விரும்பினால், ஐசொலேட்டட் டிசி-டிசி கன்வர்ட்டர் என்று கேட்டு வாங்குங்கள்; அதில் உள்ளே வரும் பக்கமும் வெளியே போகும் பக்கமும் கம்பியால் தொட்டுக்கொள்ளாது. இணைப்பதற்கு முன், அதன் உள்ளே வரும் பக்கத்து முனைகளுக்கும் வெளியே போகும் பக்கத்து முனைகளுக்கும் நடுவே மல்டிமீட்டர் பீப் அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் அது அந்த வகை இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஃபியூஸ் 2 ஆம்பியர் போதும். பாசிட்டிவ் எர்த் கார் என்பதால் அது நெகட்டிவ் ஒயரில், பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வர வேண்டும்.