திரையில் வரும் ஆஸ்பத்திரி: கேள்வி பதில்

சினிமாவில் வரும் டாக்டர், நோயாளி, ஆஸ்பத்திரி பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்ததால் சேர்த்துவிட்டேன். நான் மயக்க மருந்து மருத்துவர். படத்தில் ஒவ்வொரு தப்பையும் பிடித்து உச்சுக்கொட்டும் ஆள் இல்லை. ஆனால் பார்க்கிறவர் நாளைக்கு ஐசியூ வாசலில் நின்று எடுக்கப்போகும் முடிவையே கெடுக்கும் தப்பு என்றால் விடமாட்டேன்.

மானிட்டரில் கோடு நேராகப் போனதும் ஷாக் கொடுக்கிறார்கள், ஹீரோ எழுந்துவிடுகிறார். நிஜத்திலும் அப்படித்தானா மேடம்?

இல்லை. நேர்கோடு என்றால் இதயத்தில் மின்துடிப்பே இல்லை. அதற்கு ஷாக் கொடுப்பதில்லை. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஒரு கணம் அடக்கி, பழைய தாளத்துக்குத் திரும்ப வழிவிடுவதுதான் ஷாக்கின் வேலை. துடிப்பே இல்லாத இடத்தில் அடக்க என்ன இருக்கிறது? நெஞ்சை அழுத்துவார்கள், அட்ரினலின் போடுவார்கள், எதனால் நின்றது என்று தேடுவார்கள். இயக்குநர்களின் சங்கடமும் புரிகிறது. தாறுமாறான துடிப்பு திரையில் வெறும் கிறுக்கலாகத் தெரியும், நேர்கோடு என்றால் கடைசி வரிசைக்கும் புரியும்.

எனக்கு உறுத்துவது அதுவல்ல, எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்பது. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் காட்சிகளை எண்ணிப் பார்த்து 1996-ல் ஓர் ஆய்வு வந்தது. திரையில் 75 சதவீதம் பேர் உடனே பிழைத்தார்கள், மூன்றில் இரண்டு பேர் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். நிஜத்தில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இதயம் நின்றாலும் நான்கில் ஒருவர் வீடு திரும்பினால் அது நல்ல கணக்கு. வெளியே நின்றால் பத்தில் ஒருவர் பிழைப்பதே பெரிது. தீராத நோயில் கிடக்கும் தொண்ணூறு வயதுக்காரருக்கு "எல்லாத்தையும் செய்யுங்க டாக்டர்" என்று பிள்ளைகள் கேட்கும்போது, அவர்கள் மனதில் ஓடுவது திரையில் பார்த்த கணக்குதான்.

நான் நர்ஸ். நடிகர்கள் முழங்கையை மடக்கி மடக்கி நெஞ்சை அழுத்துவதைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது.

மன்னித்துவிடுங்கள். கீழே படுத்திருப்பதும் ஒரு நடிகர்தானே! கையை நேராக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்கு நிஜமாகவே அழுத்தினால் அவருடைய விலா எலும்பு போய்விடும். முழங்கையை மடக்கினால்தான் விசை அவர் மேல் இறங்காமல் அழுத்துகிற மாதிரி காட்ட முடியும். தெருவில் யாராவது விழுந்துவிட்டால் மட்டும் படத்தில் பார்த்ததை மறந்துவிட்டு, கையை நேராக வைத்து அழுத்துங்கள்.

பல வருஷம் கோமாவில் கிடந்தவர் கண் விழித்ததும் பேசுகிறார், சண்டைகூடப் போடுகிறார். நடக்குமா?

இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர் வைடிக்ஸ், கோமா வரும் 30 படங்களை எடுத்துக்கொண்டு 2006-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஓரளவு ஒழுங்காகக் காட்டியவை என்று அவர் சொன்னது இரண்டே இரண்டைத்தான். மற்றவற்றில் நோயாளி மழித்த முகத்தோடு, உடம்பு கட்டுக்குலையாமல் தூங்குகிறார். உணவுக் குழாய் இல்லை, கைகால் மடங்கி இறுகவில்லை.

நிஜத்தில் சில வாரம் படுத்தாலே தசை கரையும். அதைவிட முக்கியம், விழிப்பு ஒரு நொடியில் வருவதில்லை. முதலில் கண் மட்டும் திறக்கும், பார்வை எதிலும் நிற்காது. பல நாள் கழித்து ஒருவேளை ஒரு விரல் சொன்னபடி அசையும். அந்த இழுபறியில்தான் குடும்பம் உடைந்துபோகிறது. அதைக் காட்ட யாருக்கும் பொறுமை இல்லை.

தலையில் அடிபட்டு நினைவு போகிறது, இன்னொரு அடியில் திரும்பி வருகிறது...

இரண்டாவது அடி இரண்டாவது காயம், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பழைய வாழ்க்கை முழுவதும் அழிந்து, புதிதாகப் பார்ப்பதெல்லாம் நன்றாகப் பதிவது சினிமாவுக்கு வசதியான மறதி. அடிபட்ட மூளையில் பெரும்பாலும் தலைகீழ்: பழசு ஓரளவு இருக்கும், புதுசு ஒட்டாது. 2000-ல் வந்த 'மெமெண்டோ' இதைச் சரியாகப் பிடித்தது. சொன்னால் சிரிப்பீர்கள், 'ஃபைண்டிங் நீமோ'வில் வரும் டோரி என்கிற மீனையும் ஒரு நரம்பு உளவியல் நிபுணர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பாராட்டி எழுதியிருக்கிறார். நாம் கண்ணீர் விட்ட எத்தனையோ கதாநாயகிகளைவிட அந்த மீனின் மறதி நிஜம்.

நாடி பிடித்துப் பார்த்து "நீங்க அப்பாவாகப் போறீங்க" என்பது?

நாடியில் கர்ப்பம் தெரியாது. அடுத்த கேள்வி.

குளோரோஃபார்ம் கைக்குட்டை? உங்கள் துறை ஆச்சே!

இரண்டு நொடியில் எல்லாம் யாரும் மயங்கமாட்டார்கள். திமிராமல் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாலும் பல நிமிடம் பிடிக்கும். அப்புறம் தாடையைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லையென்றால் மூச்சு அடைத்துக்கொள்ளும். சினிமா வில்லனுக்கு ஒரு கைக்குட்டை போதும், எங்களுக்கு ஓர் அறை நிறைய இயந்திரம் வேண்டும்.

'அவேக்' படம் பார்த்ததிலிருந்து ஆபரேஷன் என்றாலே பயம். மயக்கத்தில் இருக்கும்போது விழிப்பு வந்துவிடுமா?

வரலாம், ஆனால் அரிது. பிரிட்டனில் நாடு முழுவதும் நடத்தி 2014-ல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகள் தாங்களாகச் சொன்னதை வைத்துப் பார்த்தால் சுமார் 19,000 மயக்கத்துக்கு ஒன்று. அதிலும் பாதிக்கு மேல் மயக்கம் ஏறும்போதோ தெளியும்போதோ நடந்தவை, பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்தவை. முன்பு எப்போதாவது அப்படி நடந்திருந்தால் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். (ஆபரேஷன் காட்சிகளில் எங்கள் துறைக்காரர் ஒருவராவது வசனம் பேசிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.)

அக்கா, என் அம்மாவுக்குக் கடும் மனச்சோர்வு. கரண்ட் வைத்தியம் செய்யலாம் என்கிறார்கள். 'ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்' ஞாபகம் வந்து குடும்பமே மறுக்கிறது.

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை நடத்தலாம்.

1975-ல் வந்த படம். ஐந்து முக்கிய ஆஸ்கர்களையும் வாங்கியது. நிஜமான மனநல மருத்துவமனையில், அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தின் சேலத்தில் எடுத்தார்கள். அங்கே அப்போது கண்காணிப்பாளராக இருந்த டீன் புரூக்ஸ்தான் படத்திலும் மருத்துவராக நடித்தார். அதனால்தான் அது ஆவணப்படம் போலவே மனதில் பதிந்துவிட்டது. அந்தக் காட்சியில் மயக்க மருந்து கிடையாது. முழு நினைவோடு இருப்பவரை நான்கைந்து பேர் அமுக்கிப் பிடிக்கிறார்கள், உடம்பு வில்லாக வளைகிறது. அடங்காதவனுக்குக் கிடைக்கும் தண்டனையாகத்தான் கதையில் அது வருகிறது. ஒரு காலத்தில் அப்படி நடக்கவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

இன்று அந்த அறையில் எனக்கும் வேலை உண்டு. உங்கள் அம்மாவுக்குக் கையில் ஊசி போட்டுத் தூங்கவைப்போம், தசை தளர மருந்து கொடுப்போம், முகமூடியில் ஆக்ஸிஜன் ஓடும். தலையில் சிறிது மின்சாரம் செலுத்தி வரவழைக்கும் வலிப்பு மூளையில் நடக்கும், வெளியே கால்விரல் லேசாகத் துடிப்பது தெரிந்தால் உண்டு. ஒரு நிமிடம்கூட ஆகாது. சற்று நேரத்தில் கண் விழிப்பார். தலைவலி வரலாம், அன்றைய நினைவு கலங்கலாம், சிகிச்சை நடக்கும் வாரங்களில் நடந்தவை சில மறந்தும் போகலாம். அதை மறைக்காமல் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். சாப்பிடவே மறுக்கிற, உயிரை விடத் துணிகிற அளவு மனச்சோர்வுக்கு இருக்கும் சிகிச்சைகளில் மிகவும் பலன் தருவது இது. வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அம்மாவின் டாக்டரிடம் பேசிய பிறகு எடுங்கள், படத்தை வைத்து எடுக்காதீர்கள்.

புற்றுநோய் என்பதை நோயாளியிடம் மறைப்பது பல படங்களில் பாசமாகக் காட்டப்படுகிறது. ஒரு மருத்துவராக என்ன நினைக்கிறீர்கள்?

ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'இகிரு' (1952) பாருங்கள். வயிற்றுவலிக்காரர் ஒருவர் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு வாயாடி, தானாக வந்து சொல்கிறார்: லேசான அல்சர், ஆபரேஷன் வேண்டாம், பிடித்ததைச் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொன்னால் அது புற்றுநோய்தான். கேட்கக் கேட்க இவர் முகம் சுருங்குகிறது, எழுந்து தள்ளிப் போய் உட்காருகிறார். உள்ளே போனால் டாக்டர் அதே வாக்கியங்களை வரிசையாகச் சொல்கிறார். கையிலிருந்த கோட்டு நழுவி விழுகிறது. உண்மையைச் சொல்லுங்கள் என்று கெஞ்சியும் அல்சர்தான் என்கிறார்கள். அவர் போன பிறகு டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள், இன்னும் ஆறு மாதம்தான் என்று.

எழுபது வருஷம் கழித்து அதே கதையை 'லிவிங்' என்று லண்டனில் எடுத்தார்கள். அதில் டாக்டர் நேராகச் சொல்லிவிடுகிறார். கதை நடப்பது அதே ஐம்பதுகளில்தான், ஆனால் அந்தக் காலத்தில் மேற்கிலும் எல்லாரும் சொல்லிவிடவில்லை. 1961-ல் சிகாகோ மருத்துவர்களிடம் கேட்டபோது 90 சதவீதம் பேர் புற்றுநோயைச் சொல்லாமல் இருப்பதே தங்கள் வழக்கம் என்றார்கள். 1979-ல் அதே கேள்விகளை அமெரிக்க மருத்துவர்களிடம் திரும்பக் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். ஒரு தலைமுறைக்குள் இத்தனை மாற்றம்.

என் கருத்து கேட்டீர்கள்: மறைத்தாலும் நோயாளிக்குத் தெரிந்துவிடும். வீட்டில் எல்லாரும் திடீரென்று அன்பாகப் பேச ஆரம்பிப்பதே போதும். பிறகு இரு பக்கமும் நடிக்கவேண்டியிருக்கிறது, நடிப்பிலேயே மிச்ச நாள் போய்விடுகிறது.

மருத்துவ மாணவி. ஒரே ஒரு படம் பார் என்றால் எதைச் சொல்வீர்கள் மேடம்?

'விட்' (2001), எம்மா தாம்சன் நடித்தது. சினைப்பைப் புற்றுநோய் முற்றிய ஓர் ஆங்கிலப் பேராசிரியை. அவரைப் பார்க்க வரும் இளம் மருத்துவன் அவரிடமே படித்தவன், கெட்டிக்காரன், கெட்டவனும் இல்லை. பரிசோதிக்கும்போது பெண் நர்ஸ் உடனிருக்க வேண்டும் என்பது ஞாபகம் வந்து, காலை உயர்த்திக் கட்டிய நிலையிலேயே அவரை விட்டுவிட்டு நர்ஸைத் தேடி வெளியே போய்விடுகிறான். அவன் திரும்பும் வரைக்கும் அவர் அப்படியே கிடக்கிறார்.

மருத்துவத் தகவலில் தப்பு தேடிக்கொண்டு பார்க்காதே அம்மா. அந்தக் காட்சியில் அவன் என்ன செய்திருக்கலாம் என்று யோசித்துக்கொண்டு பார். முடிந்ததும் வார்டில் உன் சீனியர்களைக் கவனி, நாலு நாளில் அவனை நேரிலேயே பார்த்துவிடுவாய்.