பருவத்தை நிறுத்தும் ஊசியும் எலும்பும்

கேள்வி: திருநம்பியாக (பெண்ணாகப் பிறந்து, ஆணாக) உணரும் எங்கள் 13 வயதுப் பிள்ளைக்குப் பருவ வளர்ச்சியை நிறுத்தும் லூப்ரோலைடு ஊசி போட்டார்கள். இரண்டு வாரத்தில் மாதவிடாய் போல இரத்தம் பட்டது. மருந்து பலிக்கவில்லையா? எலும்பு தேயுமா?
– வாசகி, டொராண்டோ

பதில்: இந்த மருந்து, பருவ ஹார்மோன்களை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பியை முதலில் தூண்டிவிட்டு, பிறகுதான் அடக்கும். அதனால் முதல் ஊசிக்குப் பின் ஒருமுறை இரத்தம் படலாம். அடுத்த ஊசிக்குப் பிறகும் தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், இரத்தத்தில் எல்.எச். (பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன்) அளவைப் பார்ப்பார்கள். ஊசித் தேதி தள்ளிப்போனாலும் ஹார்மோன் மறுபடி ஏறும்.

எலும்புதான் முக்கியக் கவலை. தேய்வதைவிட, சேர வேண்டிய சுண்ணாம்புச் சத்து சேராமல் சகவயதினரைவிடப் பின்தங்குவதே பிரச்சினை. பின்னர் ஹார்மோன் கிடைக்கும்போது ஓரளவு ஈடாகும். முழுதும் ஈடாகும் என்று உறுதி தர முடியாது. தொடக்கத்திலும், பிறகு 1–2 ஆண்டுக்கு ஒருமுறையும் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் கேளுங்கள். இந்த வயதில் தினம் 1,300 மி.கி. கால்சியம் வேண்டும், ஒரு தம்ளர் பால் சுமார் 300 தரும். கேழ்வரகும் நல்லது. வைட்டமின் டி-யைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஓட்டமும் ஸ்கிப்பிங்கும் எலும்புக்கு உதவும் அளவுக்கு நீச்சல் உதவாது.

உடல் திடீரென்று சூடாவது, ஊசி போட்ட இடத்தில் வலி, மனச்சோர்வு வரலாம். கடும் தலைவலியோடு பார்வை மங்கினாலோ வாந்தி வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மூளையைச் சுற்றி அழுத்தம் கூடும் அபாயத்தை 2022-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கையாகச் சேர்த்தது.

டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) தொடங்கும் முன்பே கருமுட்டை சேமிப்பு பற்றியும் பேசிவிடுங்கள்.