நெடுந்தூர வேட்டைக்கு ஸ்கோப்: எத்தனை மடங்கு என்பதைக் கடைசியில் பாருங்கள்

கேள்வி இதுதான்: "வேட்டை ரைஃபிள் வைத்திருக்கிறேன். இதுவரை 150 மீட்டருக்குள்தான் சுட்டிருக்கிறேன். இனி 400, 500 மீட்டர் வரை போக ஆசை. 25 மடங்கு ஸ்கோப் வாங்கினால் போதுமா? வாங்கிய பிறகு எப்படிப் பழகுவது?"

உரிமமும் வேட்டை அனுமதியும் முறையாக இருக்கின்றன என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். 25 மடங்கு தேவையில்லை. 500 மீட்டருக்கு 12 முதல் 15 மடங்கு தாராளம். காசு செலவழிக்க மனம் இருந்தால், அதை டரட்டின் (குறியை நகர்த்த ஸ்கோப்பின் வெளியே இருக்கும் திருகு) துல்லியத்துக்கும் லென்ஸின் தரத்துக்கும் செலவழியுங்கள்.

150 மீட்டருக்குள் ஸ்கோப்பின் வேலை இலக்கைத் தெளிவாகக் காட்டுவதோடு முடிந்துவிடும். குண்டு கீழே இறங்குவதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. 500 மீட்டரில் கதையே வேறு. .308 வின்செஸ்டர் போன்ற ஒரு தோட்டாவை 100 மீட்டரில் ஜீரோ செய்திருந்தால் (குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்திருந்தால்), 500 மீட்டரில் அது ஏறக்குறைய 2 மீட்டர் கீழே இறங்கிவிடும். ஒரு மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியோ 20, 25 செ.மீ. அகலம்தான். ஆக, அந்த 2 மீட்டரைத் திருத்தித் தரும் கருவியாகத்தான் ஸ்கோப்பைப் பார்க்க வேண்டும். டரட்டை 4 மில் (ஒரு கோண அளவு, அடுத்துச் சொல்கிறேன்) திருப்பினால் குறி சரியாக 4 மில் நகர வேண்டும். திரும்ப வைத்தால் பழைய இடத்துக்கே வர வேண்டும். இதைச் செய்யாத ஸ்கோப் எத்தனை மடங்கு காட்டினாலும் எனக்கு வேண்டாம்.

மில், எம்.ஓ.ஏ. என்று இரண்டு அளவுகள் உண்டு. மீட்டரில் யோசிப்பவர்களுக்கு மில் சுலபம்: 1 மில் என்றால் 100 மீட்டரில் 10 செ.மீ., 500 மீட்டரில் 50 செ.மீ. ஒரு க்ளிக் பெரும்பாலும் 0.1 மில். எம்.ஓ.ஏ.வும் நல்ல அளவுதான். 100 மீட்டரில் அது சுமார் 2.9 செ.மீ. எதை எடுத்தாலும் சரி, உள்ளே இருக்கும் ரெட்டிகிளும் (குறிபார்க்கும் குறுக்குக் கோடுகள்) வெளியே இருக்கும் டரட்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ரெட்டிகிள் மில்லிலும் டரட் எம்.ஓ.ஏ.விலும் இருக்கும் ஸ்கோப்புகளும் விற்கின்றன. விலங்கு கண்ணெதிரே நிற்கும்போது 3.44ஆல் பெருக்கிக்கொண்டிருக்க யாராலும் முடியாது.

அடுத்தது ரெட்டிகிள் எந்தத் தளத்தில் இருக்கிறது என்பது. முதல் தளத்தில் இருந்தால், மடங்கைக் கூட்டும்போது கோடுகளும் சேர்ந்து பெரிதாகும். 1 மில் எப்போதும் 1 மில்தான். இரண்டாம் தளத்தில் இருந்தால் கோடுகளின் அளவு மாறாது. அதனால் அந்தக் கோடுகள் ஒரே ஒரு மடங்கில்தான், பெரும்பாலும் உச்ச மடங்கில்தான், உண்மை பேசும். உதாரணமாக 16 மடங்கு ஸ்கோப்பை 8இல் வைத்திருக்கிறீர்கள். 400 மீட்டரில் 2.5 மில் தேவை என்று 2.5 என்ற கோட்டை வைத்துச் சுட்டால், நீங்கள் கொடுத்தது 5 மில். குண்டு 1 மீட்டர் மேலே போய்விடும். டரட்டை மட்டுமே திருப்பிச் சுடுபவருக்கு இரண்டாம் தளம் போதும். காற்றுக்கு டரட்டைத் திருப்பாமல் ரெட்டிகிளின் கோட்டை வைத்தே குறிபார்க்கப் போகிறீர்கள் என்றால் முதல் தளமே நல்லது. நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

இப்போது மடங்குக்கு வருவோம். வேட்டையில் முக்கியமான நேரம் விடியலும் அந்தியும். முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸில் 10 மடங்கு என்றால் 5 மி.மீ.; 25 மடங்கு என்றால் வெறும் 2 மி.மீ. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்மணி அதைவிட நன்றாக விரிந்திருக்கும், அதனால் படம் இருட்டாகத் தெரியும். தலையைக் கொஞ்சம் அசைத்தாலே காட்சி மறையும். பகல் வெயிலில் 25 மடங்கு வைத்தால் கானல் அலைதான் ஆடும். அதோடு 25 மடங்கில் 100 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் அகலம்தான் தெரியும். சுட்ட உதையில் ரைஃபிள் துள்ளியதும் விலங்கு பார்வையை விட்டுப் போய்விடும். அடி எங்கே பட்டது, எந்தப் பக்கம் ஓடியது என்று எதுவும் தெரியாது. காயப்பட்ட விலங்கைத் தேடிப் பிடிக்க அந்தத் தகவல் ரொம்ப முக்கியம். 3 முதல் 15 மடங்கு வரை மாற்றக்கூடிய ஸ்கோப்பில் 10 மடங்கை ஒட்டி வைத்துச் சுடுங்கள்.

குழலின் விட்டம் 30 மி.மீ., 34 மி.மீ. என்பதெல்லாம் ஒளிக்காக என்று சொல்வார்கள். பெரிய குழலால் முக்கியமாகக் கிடைப்பது, டரட்டைத் திருப்பிக் குறியை இன்னும் அதிகம் நகர்த்த இடம்.

பேரலாக்ஸ் திருகு இருக்க வேண்டும். ரைஃபிளை மணல் பையில் அசையாமல் படுக்க வைத்து, தொடாமல் ஸ்கோப்பில் பாருங்கள். தலையை மட்டும் மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். குறுக்குக் கோடு இலக்கின் மேல் நழுவினால் அது பேரலாக்ஸ். கோடு இலக்கோடு ஒட்டிப்போகும் வரை பக்கவாட்டுத் திருகைத் திருப்புங்கள். அதில் பொறித்திருக்கும் மீட்டர் எண்களை நம்ப வேண்டாம், கண்ணால் பார்த்தே வையுங்கள்.

பொருத்தும்போது, ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடித்துவைக்கும் ரிங்கை மலிவாக வாங்காதீர்கள். திருகுகளை டார்க் (முறுக்கு விசை) அளக்கும் ஸ்க்ரூடிரைவரால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே முறுக்குங்கள். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 8, 9 செ.மீ. இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் உதை புருவத்தைக் கிழிக்கும்.

அப்புறம், நெடுந்தூரத்தில் ஒரு தோட்டாவாவது சுடும் முன் கட்டாயம் செய்ய வேண்டியது டரட் சோதனை. ஒன்றேகால் மீட்டர் உயரக் காகிதத்தை 100 மீட்டரில் நிறுத்துங்கள். அந்த 100 மீட்டரை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நூலின் மேலேயே நேர்செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். கீழே ஒரு புள்ளியைக் குறிவைத்து மூன்று ரவுண்டு. குறியை மாற்றாமல் 8 மில் மேலே திருப்பி இன்னும் மூன்று. இரண்டு கூட்டங்களுக்கும் நடுவே சரியாக 80 செ.மீ. இருக்க வேண்டும். 78 இருந்தால் இரண்டரை சதவீதம் குறைவு. 500 மீட்டரில் 5 செ.மீ. கீழே போகும். அது பெரிய குற்றமில்லை, குண்டின் இறக்கத்தைக் கணக்கிடும் செயலியில் அந்தத் திருத்தத்தைப் போட்டுக்கொள்ளலாம். திரும்ப ஜீரோவுக்கு வந்து சுட்டால் பழைய ஓட்டைகளோடு சேராத ஸ்கோப்பைத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். மேல் கூட்டம் கோட்டை விட்டு ஒரு பக்கம் விலகியிருந்தால் ரெட்டிகிள் சாய்ந்திருக்கிறது அல்லது நீங்கள் ரைஃபிளைச் சாய்த்துப் பிடிக்கிறீர்கள். 2 மீட்டர் இறக்கத்துக்கு 3 டிகிரி சாய்வு 10 செ.மீ. பக்க விலகலாகிவிடும். குழலில் ஒரு சின்ன ரசமட்டம் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ஸ்கோப்பை வைத்துக் காட்டைத் துழாவாதீர்கள். அங்கே அசைவது ஒரு மனிதராக இருந்தால், நீங்கள் அவர் மேல் துப்பாக்கியை நீட்டிவிட்டீர்கள். தேடுவதற்கு பைனாகுலர், தூரத்துக்கு லேசர் ரேஞ்ச்ஃபைண்டர். மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சுடும்போது கிடைத்தளத் தூரத்தையே எடுங்கள். 30 டிகிரி சரிவில் 400 மீட்டர் என்றால் 346 மீட்டருக்குத்தான் திருப்ப வேண்டும்.

காற்றை எந்த ஸ்கோப்பும் சொல்லித் தராது. மணிக்கு 16 கி.மீ. குறுக்குக் காற்று அதே .308 குண்டை 500 மீட்டரில் அரை மீட்டருக்கும் மேல் தள்ளிவிடும். குண்டு போய்ச் சேர முக்கால் நொடி ஆகும், அதற்குள் விலங்கு ஒரு அடி எடுத்து வைத்துவிடலாம். அதனால் உங்கள் எல்லையை இப்படிக் கண்டுபிடியுங்கள்: 20 செ.மீ. வட்டம் ஒன்றை வைத்து, மேசையில் உட்காராமல், வேட்டையில் எப்படிப் படுப்பீர்களோ உட்காருவீர்களோ அப்படியே, குளிர்ந்த பேரலில் முதல் ஒரு தோட்டா மட்டும். வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு காற்றில். எந்தத் தூரம் வரை எல்லாமே வட்டத்துக்குள் விழுகின்றனவோ அதுதான் உங்கள் தூரம். பலருக்கு அது 300ஐத் தாண்டாது. எந்தத் தூரத்துக்கு எவ்வளவு திருப்ப வேண்டும் என்று ரைஃபிளில் ஒட்டிவைக்கும் டரட் அட்டையையும் அந்தத் தூரம் வரைக்கும் மட்டுமே எழுதுங்கள்.