மின்சாரக் கார் உண்மையிலேயே ஆற்றலை மிச்சப்படுத்துகிறதா?

கேள்வி: மின்சாரமும் நிலக்கரியை எரித்துத்தானே கிடைக்கிறது? பிறகு மின்சாரக் காரைச் சிக்கனமானது என்று எப்படிச் சொல்கிறார்கள்?
– வாசகர், கோவை

பதில்: மிக நியாயமான கேள்வி. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கும் கார் 54 யூனிட்டைச் செலவழித்தாலும், அதில் கால் பங்கு அளவே சக்கரத்தைச் சென்றடைகிறது. எஞ்சியது ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாக வெளியேறிவிடுகிறது. அதே அளவுள்ள மின்சாரக் காருக்கு, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, ஏறத்தாழ 15 யூனிட் போதும். நகர நெரிசலில் இந்த வேறுபாடு இன்னும் கூடும். ஏனெனில் பிரேக் பிடிக்கையில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, ஓட்டத்தின் ஆற்றலில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது.

ஆனால் நீங்கள் சுட்டிய இடத்தில் கணக்கு மாறுகிறது என்பதை மறைக்கக் கூடாது. அனல்மின் நிலையம் நிலக்கரியின் ஆற்றலில் சுமார் 35 சதவீதத்தையே மின்சாரமாக்குவதால், கம்பியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால், அந்த 15 யூனிட்டுக்குப் பின்னால் எரியும் நிலக்கரியின் ஆற்றல் 50 யூனிட்டை நெருங்கிவிடும். முழுவதும் நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் காருக்குப் பெட்ரோல் காரைவிடப் பெரிய ஆதாயம் இல்லை. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்க ஆகும் ஆற்றலையும் பெட்ரோல் பக்கம் சேர்த்தால் சற்றே மிஞ்சும், அவ்வளவுதான். காற்றாலையிலோ கூரைச் சூரியத் தகட்டிலோ வரும் மின்சாரத்துக்கு எரிபொருள் இழப்பே கிடையாது என்பதால், அங்கேதான் மின்சாரக் காரின் முழுச் சிக்கனமும் வெளிப்படுகிறது.